பாலையிலே 700 மைல் நடை!

மோட்டார் இல்லாத வீடு அபூர்வம் என்று சொல்லப்படும் நாடு அமெரிக்கா. அந்த நாட்டிலேதான், ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை காலாலேயே நடந்து தீர்ப்பது என்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் புறப்படுகிறார்கள். வேண்டுதலும் இல்லை, காவடியும் இல்லை. வேலையை விட்டுவிட்டோ, சம்பளமில்லா விடுப்பு எடுத்தோ, முதுகில் ஒரு மூட்டையுடன் கிளம்பிவிடுகிறார்கள்.

தெற்கே மெக்சிகோ எல்லை, வடக்கே கனடா எல்லை. நடுவே கலிபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன் என்ற மூன்று மாநிலங்கள். இவற்றின் மலைத்தொடர்களை ஒட்டிச் செல்லும் ஒற்றையடிப் பாதைக்குப் 'பசிபிக் கிரெஸ்ட் டிரெயில்' என்று பெயர். நீளம் 2,650 மைல், அதாவது ஏறக்குறைய 4,265 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்குச் சாலை வழியே போகும் தூரத்தை விட இது அதிகம்! நடந்து முடிக்கச் சுமார் ஐந்து மாதம் ஆகிறது.

இந்தப் பாதைக்கான யோசனையை 1932-ல் கிளின்டன் கிளார்க் என்பவர் கிளப்பினார். 1935 முதல் 1938 வரை ஒய்.எம்.சி.ஏ. இளைஞர்கள் குழுக் குழுவாக, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்து, நடந்து பார்த்து வழி கண்டார்கள். 1968-ல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி இதைத் தேசியப் பாதையாக்கியது. 1970-ல் 18 வயது எரிக் ரைபாக் இதில் நடந்து, அடுத்த ஆண்டு புத்தகமும் எழுத, பாதையின் பெயர் நாடெங்கும் பரவியது. முழுப் பாதையும் முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது 1993-ல்தான்.

வெயிலில் கிளம்புவது ஏன்?

மெக்சிகோ எல்லையில் காம்ப்போ என்ற சிற்றூர். அங்கே நடப்பட்டிருக்கும் மரத்தூண்களைத் தொட்டுவிட்டு நடக்கத் தொடங்கினால், கென்னடி மெடோஸ் என்ற இடம் வரை சுமார் 700 மைல். இதைத்தான் நடப்பவர்கள் 'பாலை' என்கிறார்கள். ராஜஸ்தானத்து மணல்மேடு போல எண்ணிக்கொள்ள வேண்டாம். கள்ளியும் முட்புதரும் மண்டிய வறண்ட குன்றுகள், கரடுமுரடான பாறைகள், கை விரித்து நிற்கும் யோசுவா மரங்கள், இடையிடையே திடீரென்று பனி மூடிய மலைகள் இவை எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பாலை.

குளிர் காலத்தில் இதைக் கடந்துவிடக் கூடாதா என்று கேட்கலாம். கடக்கலாம். ஆனால் பாலைக்கு அப்பால் சியரா நெவாடா மலைகள் இருக்கின்றன. பாதையிலேயே மிக உயர்ந்த இடமான ஃபாரஸ்டர் கணவாய் அங்கே 13,153 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூன் மாதத்துக்கு முன்னால் போனால் பனி வழி விடாது. காலந்தாழ்த்திப் போனாலோ, வடக்கே வாஷிங்டன் மாநிலத்தில் இலையுதிர்காலப் பனி முந்திக்கொள்ளும். ஆகவே, ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கத்துக்குள் பெரும்பாலோர் புறப்பட்டாக வேண்டும். இரண்டு பனிக்கு நடுவே தப்புவதற்குக் கொடுக்கும் விலைதான் பாலை வெயில்.

கூட்டம் நெரியாமலிருக்க, மார்ச் முதல் மே வரை எல்லையிலிருந்து நெடுந்தூரம் புறப்பட நாளொன்றுக்கு 50 பேருக்குத்தான் அனுமதிச் சீட்டு.

ஒரு லிட்டர், ஒரு கிலோ

பாலையில் தங்கத்துக்கு மதிப்பில்லை. தண்ணீருக்குத்தான் மதிப்பு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. ஐந்து லிட்டர் எடுத்தால் முதுகில் ஐந்து கிலோ கூடுகிறது. குறைத்து எடுத்தால் நாக்கு வறளும். சில இடங்களில் ஓர் ஊற்றுக்கும் அடுத்த ஊற்றுக்கும் நடுவே 30 மைலுக்கு மேல் பொட்டு நீர் கிடையாது. போன வாரம் ஒழுகிய குழாய் இந்த வாரம் வற்றிவிடும். ஆகவே எந்த ஊற்றில் நீர் இருக்கிறது என்பதை முன்னால் போனவர்கள் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிவிப்பது வழக்கம்.

நடைக்கும் நேரம் உண்டு. விடியுமுன் எழுந்து நடப்பார்கள். வெயில் ஏறியதும் பாறை நிழலோ பாலத்தின் அடியோ கண்ட இடத்தில் படுத்துவிடுவார்கள். வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடை. நிலா வெளிச்சத்தில் நடப்பவர்களும் உண்டு. வெள்ளிப் பூச்சுப் பூசிய குடையைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களையும் காணலாம்.

வாலை ஆட்டிக் கிலுகிலுவென்று ஓசை எழுப்பும் நச்சுப் பாம்புகள் உண்டு. காட்டுத்தீ எரிந்த இடத்தில் தழைக்கும் ஊதாப் பூச்செடி ஒன்றைத் தொட்டால் தோல் கொப்பளிக்கும். ஆனால் நடப்பவர்களை அதிகமாகப் படுத்துவது பாம்புமல்ல, செடியுமல்ல. காலில் வரும் கொப்புளந்தான்! மூன்றாம் நாளே நொண்டத் தொடங்குகிறவர்கள் பலர். கால் வீங்கும் என்பதால் வழக்கத்தை விடப் பெரிய அளவில் ஜோடு வாங்குகிறார்கள்.

நம் நாட்டில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள், சுமைதாங்கிக் கல் நட்டார்கள். அங்கேயும் அந்தத் தருமம் இருக்கிறது. பாதை சாலையைக் கடக்கும் இடங்களில் முகந்தெரியாத அன்பர்கள் கேன் கேனாகத் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறார்கள். நடப்பவர்கள் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'பாதைத் தேவதைகள்'. ஆனாலும் அனுபவசாலிகள் ஓர் எச்சரிக்கை சொல்லுவார்கள்: 'பந்தலைக் கண்டால் குடி. பந்தலை நம்பி நடக்காதே!' முன்னால் போன பத்துப் பேர் குடித்திருந்தால் கேன் காலி. அடுத்த ஊற்று எங்கே என்று கணக்குப் போடாமல் வந்தவன் கதி?

தபாலாபீசே மளிகைக் கடை

ஐந்து மாதச் சாப்பாட்டை யாரும் சுமக்க முடியாது. நான்கைந்து நாளுக்கு ஒரு முறை பாதையை விட்டு இறங்கிப் பக்கத்து ஊரில் சாமான் வாங்கவேண்டும். கடையில்லாத ஊர்களுக்குப் பலரும் நம்பியிருப்பது தபாலாபீசை! புறப்படுமுன் வீட்டிலேயே உலர்ந்த உணவைப் பெட்டி பெட்டியாகக் கட்டி வைத்துவிடுவார்கள். வீட்டார் நாளறிந்து, 'இன்னார், தபாலாபீசில் வந்து பெற்றுக்கொள்வார்' என்று எழுதி அனுப்புவார்கள். நம் ஊரில் முகவரி நிலையாத காலத்தில் கடிதம் பெற உதவும் அதே முறைதான். சனிக்கிழமை மாலை, ஆபீசு மூடிய பிறகு போய்ச் சேர்ந்தவர்கள் திங்கட்கிழமை வரை பசியோடு காத்திருந்த கதைகள் ஏராளம்.

நடையில் நட்பு

தனியாகப் புறப்படுகிறவர்களே அதிகம். ஆனால் தனியாகவே முடிப்பவர்கள் குறைவு. நிழல் அருமையான இடத்தில் எல்லாரும் ஒரே பாலத்தடியில் ஒதுங்கவேண்டியிருக்கிறது. நீர் அருமையான இடத்தில் எல்லாரும் ஒரே ஊற்றைச் சுற்றி உட்காரவேண்டியிருக்கிறது. இரண்டு வாரத்தில் நாலைந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று உருவாகிவிடுகிறது. ஒருவருக்கொருவர் பட்டப்பெயரும் சூட்டிக்கொள்ளுகிறார்கள். வக்கீலும், தச்சரும், ஓய்வு பெற்ற ஆசிரியரும் ஊரில் என்னவாக இருந்தார்கள் என்பது மறந்துபோய், பட்டப்பெயர் மட்டும் நிலைக்கிறது.

ஊரிலிருந்தே நண்பர்களாகப் புறப்படுகிறவர்கள் பாடுதான் சிரமம். ஒரே அறையில் நாலு பேர் தங்கி, முறை வைத்துச் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சுமையைக் குறைக்கவென்று ஒருவர் கூடாரம், ஒருவர் அடுப்பு, ஒருவர் நீர் வடிகட்டி என்று பங்கு போட்டுக்கொள்ளுகிறார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் ஒருவரால் நாளைக்கு இருபது மைல் நடக்க முடிகிறது. கொப்புளம் கண்டவரால் பத்து மைல் கூட முடியவில்லை. முன்னவர் காத்திருந்தால் தண்ணீர்க் கணக்குத் தவறுகிறது. காத்திராமல் போனால் கூடாரம் ஒருவரிடம், அடுப்பு ஒருவரிடம்! ஆகவே, எத்தனை நெருங்கிய நண்பரானாலும் தண்ணீர், படுக்கை, வரைபடம் மூன்றும் அவரவர் முதுகில் இருக்கவேண்டும் என்பது அனுபவம் கற்பித்த பாடம். 'அவரவர் நடை அவரவருக்கு' என்பது அந்தப் பாதையின் பழமொழி. பிரிவதில் தவறில்லை, சொல்லாமல் பிரிவதுதான் தவறு.

இது வெறும் உபதேசமல்ல. 2005 மே மாதம், ஓய்வு பெற்ற ஒருவர், வயது 60, சான் ஹசின்டோ மலையில் தனியாகப் போனபோது பனியில் பாதையைத் தவறவிட்டார். ஏறவும் முடியாத, இறங்கவும் முடியாத ஒரு பள்ளத்தில் சிக்கிக்கொண்டார். தேடியவர்கள் கண்ணில் அவர் படவேயில்லை. சரியாக ஓராண்டு கழித்து, ரோப் கார் ஏறி உலாவ வந்த ஓர் இளம் ஜோடி அதே மலையில் வழி தவறியது. மூன்று நாள் அலைந்தவர்கள் தற்செயலாக அவருடைய மூட்டையைக் கண்டார்கள். உள்ளே அவர் கைப்பட எழுதிய கடைசிக் குறிப்புகளும் தீக்குச்சிகளும் இருந்தன. அந்தக் குச்சியால் மூட்டிய தீயின் புகையைப் பார்த்து ஹெலிகாப்டர் வந்தது. இருவரும் பிழைத்தார்கள். துணையின்றி இறந்தவர், முன்பின் அறியாத இருவருக்குத் துணையாகிவிட்டார்!

காலடியிலே ஆறு

அந்த மலையை விட்டு இறங்கும் பாதை, சுமார் 9,000 அடி உயரத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சம் அடிக்கு வந்து சேருகிறது. பனியில் காலை வைத்து எழுந்தவர்கள் காற்றாலைகள் சுழலும் வெந்த வெளியில் வந்து நிற்கிறார்கள். இன்னும் வடக்கே போனால் ஆன்டிலோப் பள்ளத்தாக்கு. நிழலே இல்லாத சமவெளி. அங்கே பாதை, லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெருங்கால்வாயின் மேலேயே போகிறது. 1913-ல் வில்லியம் மல்ஹாலண்ட் என்ற பொறியாளர் கட்டிமுடித்தது அது. ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் ஆற்றை 233 மைல் திருப்பிக் கொண்டுவந்தார். நீரை இழந்த உழவர்கள் 1924-ல் கால்வாயை வெடி வைத்துத் தகர்த்ததும் உண்டு. இரும்புக் குழாயாலும் சிமெண்டாலும் மூடிய அந்தக் கால்வாயின் மேல் நடப்பவர்கள் தாகத்தோடு நடக்கிறார்கள். காலடியிலே ஓர் ஊரே குடிக்கும் நீர் ஓடுகிறது!

கென்னடி மெடோசில் இருப்பது ஒரு பொதுச் சரக்குக் கடை. புழுதி படிந்த உருவம் ஒன்று தூரத்தில் தெரிந்ததும், முன்பே வந்து சேர்ந்தவர்கள் எழுந்து கை தட்டுவது அங்கே வழக்கம். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமில்லை. நொண்டிக்கொண்டு கடைசியில் வருகிறவருக்கும் அதே கைதட்டல்தான். அங்கே இரண்டு நாள் தங்கி, பின்தங்கிய நண்பர்களுக்காகக் காத்திருக்கிறார்கள் சிலர். காத்திராமல் மலையேறுகிறார்கள் சிலர். இன்னும் 1,950 மைல் பாக்கி இருக்கிறது.