களத்திலேயே பயறை விற்கலாமா?

இடைசெவல் கரிசலில் புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த உளுந்தும் பாசியும் மார்கழி, தையில் ஒரே நேரத்தில் களத்துக்கு வருகின்றன. வரத்து மிகுந்தால் விலை சரியும். கைச்செலவுக்குப் பணமில்லாதோர் களத்திலேயே கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகின்றனர்.

இதைத் தவிர்க்க, பயறை 10 சதவீத ஈரப்பதத்துக்கு உலர்த்தி, தூசியும் முதிராத மணிகளும் நீக்கிச் சாக்கில் பிடிக்க வேண்டும். ஈரம் மிகுந்தால் பூசணம் பிடிக்கும். பயறு வண்டின் முட்டை வயலிலிருந்தே வருவதால் நன்றாகக் காயவைப்பது அவசியம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றினால் மூட்டைக்கு வாடகை குறையும்.

கோவில்பட்டி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விவசாயியிடம் தரகு பிடிப்பதில்லை. விலை கட்டாவிட்டால் கிடங்கில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறலாம். கடன் வட்டி, கிடங்கு வாடகை இரண்டையும் கூட்டிப் பார்த்து, விலை அதற்கு மேல் ஏறினால்தான் காத்திருந்தது லாபம்.