பென்டிரைவைக் கழற்றிப் பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்

மலேசியாவில் 2019 ஜூலையில் லங்காவியில் தொடங்கி அக்டோபர் இறுதிக்குள் அனலாக் ஒளிபரப்பு நாடு முழுவதும் நின்றது. அன்று முதல் மலாக்கா தோட்டப்புறங்களிலும், ஜாசின், அலோர் காஜா வீடுகளிலும் பழைய டிவிக்குத் துணை மைஃபிரீவியூ டிகோடர்தான். டிவி2 தமிழ்ச் செய்தியை அதன் வழியாகவே பலர் பார்க்கிறார்கள்.

ஒருநாள் அது திறக்காது. சிவப்பு விளக்கு மட்டும் எரியும், அல்லது லோகோவோடு நின்றுவிடும். பெட்டி போய்விட்டது என்று முடிவுகட்டி அடுத்ததை வாங்கிவிடுகிறோம். அதன் யூஎஸ்பி துளையில் பாட்டுப் பென்டிரைவ் ஒன்று மாதக்கணக்காகச் செருகியபடியே இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

டிகோடரும் ஒரு சிறு கணினிதான். மின்சாரம் வந்ததும் அதில் முதலில் இயங்குவது பூட்லோடர் என்ற சிறு நிரல். மென்பொருளைப் புதுப்பிக்க யூஎஸ்பியும் ஒரு வழி என்பதால், சில பெட்டிகள் எழும்போதே அங்கே புதிய கோப்பு உண்டா என்று தேடும். பென்டிரைவ் பழுதாகியிருந்தால் அந்தத் தேடலிலேயே சிக்கிக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தால் சிக்கல் வேறு. யூஎஸ்பி 2.0 துளை தரக்கூடியது 500 மில்லிஆம்பியர். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதைவிட அதிகம் இழுக்கும். மின்னழுத்தம் சரிந்து பெட்டி மறுபடி மறுபடி அணைந்து எழும். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் சில நேரம் பெட்டிக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். நாம் சுவிட்சை அடைத்தாலும் பெட்டி முழுதாக அணையாது.

எனவே சுவர் சுவிட்சை அடைத்து, யூஎஸ்பியில் உள்ள எல்லாவற்றையும் கழற்றி, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். எழுந்துவிட்டால் பெட்டி நலம்; பென்டிரைவை இனி படம் வந்த பிறகே செருகுங்கள். எழவில்லை என்றால் அடாப்டரைச் சோதியுங்கள். மாற்று அடாப்டரின் வோல்ட்டும் முனைகளின் கூட்டல், கழித்தல் அமைப்பும் அச்சாக ஒன்றாக இருக்கவேண்டும், ஆம்பியர் குறையக்கூடாது, சிரிம் முத்திரை வேண்டும். இணையத்தில் கிடைத்த வேறு மாடலின் மென்பொருளை மட்டும் ஏற்றாதீர்கள். பிழைக்கவேண்டிய பெட்டியும் அதனால் செத்துவிடும்.

பசார் மாலாமில் விற்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளில் ஆபத்து இன்னும் பெரிது. இத்தகைய சில பெட்டிகளில் பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல் முன்கூட்டியே ஏற்றப்பட்டு வருவதாக 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது.

காசு கொடுத்து வாங்கிய பெட்டி உண்மையிலேயே பழுதென்றால், "யூஎஸ்பி செருகினீர்கள், வாரண்டி இல்லை" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். பென்டிரைவ் செருகத்தான் அந்தத் துளை இருக்கிறது. அது முறையான பயன்பாடே என்று உறுதியாக வாதிடலாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும். அந்த உரிமையைக் கடைக்காரர் ரசீதில் எதை அச்சிட்டும் பறிக்க முடியாது. முதலில் பழுதுபார்த்துத் தரும்படியோ மாற்றித் தரும்படியோ எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்றாண்டுக்குள் மனு செய்யவேண்டும். மனு செய்ய மலாக்காவிலுள்ள உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தை நாடலாம், இணையத்திலும் செய்யலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மன்றத்தின் தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாத கடைக்காரர் குற்றம் புரிந்தவராகிறார்.