விழியின் நாற்றங்கால்

2024 நவம்பரில் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகக் குழு 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. முதிர்ந்த செல்களைக் குருத்தணு (ஸ்டெம் செல்) நிலைக்குத் திருப்பி, அவற்றைக் கருவிழியின் மேல்தோலாக வளர்த்து, நான்கு பேரின் கண்ணில் பொருத்தியிருந்தார்கள். பார்வையின்மைக்கே விடை கிடைத்துவிட்டதுபோல் செய்திகள் வந்தன. நல்ல ஆய்வுதான், ஆனால் நான்கே பேர். அந்த நால்வருக்கும் இருந்த, கருவிழி விளிம்பின் குருத்தணுக்கள் அழிந்துபோகும் கோளாறுக்கு, செல் வளர்க்கும் ஆய்வகமே வேண்டாத ஓர் அறுவை சிகிச்சையை ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் வீரேந்தர் சங்வான் குழு உருவாக்கி 2012இலேயே வெளியிட்டுவிட்டது. ஒரு கண் மட்டும் கெட்டவருக்கு முதலில் எட்ட வேண்டியது அதுதான்.

கருவிழியின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கே உள்ள மேல்தோல் ஓரிரு வாரத்தில் முழுவதும் புதிதாகிவிடும். அந்தப் புதுச் செல்கள் வருவது விளிம்பிலிருந்து. கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் லிம்பஸ் என்ற வளையத்தில்தான் குருத்தணுக்கள் குடியிருக்கின்றன. 1971இல் டாவாங்கர், ஈவன்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கினிப்பன்றியின் கண்ணில் இதைப் பார்த்தார்கள்: மேல்தோல் காயம்பட்டதும் விளிம்பிலிருந்த நிறமி நடுவை நோக்கி ஊர்ந்தது. செல்கள் நடந்துபோன தடத்தை அந்த நிறமே காட்டிக்கொடுத்தது, எவ்வளவு அழகான சாட்சி! லிம்பஸ் நாற்றங்கால், கருவிழி வயல். அந்த நாற்றங்காலே வரப்பாகவும் நிற்கிறது. சுண்ணாம்போ அமிலமோ தெறித்து அது கருகினால், வெள்ளை விழியின் சவ்வு ரத்தக் குழாய்களோடு கோரைபோல உள்ளே படர்ந்துவிடும். அப்போது தானமாகக் கிடைத்த கருவிழியை மட்டும் பொருத்துவது, நாற்றில்லாத வயலில் புது வண்டல் கொட்டுவதைப் போன்றது. மண் நல்லதுதான், முளைக்க எதுவும் இல்லை. மறுபடி கோரைதான் ஏறும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.  விளிம்பையே ஒட்டுப்போடும் முறையை 1989இல் கென்யனும் செங்கும் வெளியிட்டார்கள். அதற்கு நல்ல கண்ணிலிருந்து பெரிய துண்டுகள் தேவைப்பட்டன. 1997இல் பெல்லெக்ரினி குழு சிறு துண்டை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டியது. துண்டு சிறுத்தது, செலவு பெருத்தது.

ஹைதராபாத் முறை அந்த வளர்ப்பைக் கண்ணுக்குள்ளேயே நடத்துகிறது. நல்ல கண்ணின் விளிம்பில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சிறு கீற்று. கெட்ட கண்ணில் படர்ந்த சவ்வை உரித்தெடுத்து, பனிக்குடச் சவ்வை ஃபைப்ரின் பசையால் விரிக்கிறார்கள். இது சேறடித்த வயல். கீற்றை எட்டுப் பத்துத் துணுக்குகளாக நறுக்கி, பார்வை விழும் நடுவை விட்டுச் சுற்றிலும் நடுகிறார்கள். காற்றுக்குச் சாயாமல் மேலே ஒரு கான்டாக்ட் லென்ஸ். நெல் நாற்று நட்ட இடத்தில்தான் தூர்கட்டும். இந்த நாற்றோ பக்கத்து நாற்றைத் தொடும்வரை படர்ந்து, சில வாரங்களில் வயலை மூடிவிடுகிறது.

நல்ல கண்ணைத் தொடலாமா என்று கேட்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் ஏறக்குறைய 36 மில்லிமீட்டர் சுற்றளவில் இரண்டுதான் போகிறது. மீதி விளிம்பு தாங்கிக்கொள்கிறது. ஆய்வகத்தில் வளர்த்தால் தரம் கூடாதா? 2016இல் வெளியான ஆய்வில், இந்த எளிய முறையில் சிகிச்சை பெற்ற 125 கண்களில் 76 சதவீதத்தில் மேல்தோல் நிலைத்திருந்தது. நான்கில் ஒன்று தோற்றது என்பதையும் மறைக்கக் கூடாது. இரு கண்ணும் கெட்டவருக்கு எடுக்க நாற்றே இல்லை. ஒசாகா ஆய்வுக்கு உண்மையான மதிப்பு அங்கேதான். தழும்பு ஆழத்தில் இருந்தால் இந்த ஒட்டு அதைத் தொடாது. ஆனால் விளிம்பு உயிர்பெற்ற பிறகு அதே கண்ணில் தானக் கருவிழியைப் பொருத்தினால், இம்முறை அதன்மேல் படர நாற்று இருக்கிறது.