பல்லாவரம் மலை எரிமலையா?

மின்சார ரயிலில் தெரியுமே பல்லாவரம் மலை, அதை "அணைஞ்சு போன எரிமலைடா" என்று என் தம்பி அடித்துச் சொன்னான். உண்மை என்ன?

எரிமலைக் குழம்பு வெளியே கொட்டி ஆறினால் வருவது பசால்ட் கல். நம்ம மலையில் இருப்பது சார்னோக்கைட். பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேல் வெந்து உருவான கல். வயது சுமார் 250 கோடி ஆண்டு! கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இதே வகைக் கல் இருந்ததால், 1893-ல் தாமஸ் ஹாலண்ட் அவர் பெயரையே இதற்கு வைத்தார்.

இன்னொரு அதிசயம்! 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கல் ஆயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். அந்தக் காலத்தில் குவார்ட்சைட் கல்லை இன்னொரு கல்லால் தட்டி, சில்லு சில்லாகப் பெயர்த்து, விளிம்பைக் கூராக்குவார்கள். நம்ம ஊரின் முதல் கைத்தொழில் இதுதான்! ஃபூட் சேகரித்த கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மலையைக் குவாரிகள் குடைந்துவிட்டன. பெரிய ஏரியை ரேடியல் ரோடு ரெண்டாகப் பிரித்துவிட்டது. நான் போனபோது கரையெல்லாம் குப்பை. மிச்சம் இருப்பதையாவது காப்பாத்தணும். லீவு நாளில் போய்ப் பாருங்க. பிளாஸ்டிக் கவரை மட்டும் அங்கே போட்டுட்டு வராதீங்க!