கைக்கடிகாரமும் சண்டேசர் சந்நிதியும்

பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது சிறுவாச்சூர். அங்கே கோயில் கொண்டுள்ள மதுரகாளியம்மனை வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டுமே தரிசிக்க இயலும். ஆகவே அவ்விரு நாள்களில் கூட்டம் மிகும். அபிஷேகம் முடிந்து திரை விலகும் வேளையை எதிர்நோக்கி அமர்ந்திருப்போரின் கைகளைப் பார்த்தால், ஒரு தலைமுறையின் கதையே தெரியும். கண்ணாடி மங்கிய எச்.எம்.டி. ஒருவர் கையில், அறுபதாம் கல்யாணத்துக்கு மருமகன் அளித்த டைட்டன் இன்னொருவர் கையில். அண்மைக் காலமாக, பல லட்சம் ரூபாய் பெறுமான சுவிட்சர்லாந்துக் கடிகாரங்களும் ஆங்காங்கே தென்படுகின்றன.

இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சிற்றூர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றோர் ஏராளம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது கையில் மின்னும் சீகோவையும் ராடோவையும் 'பாரின் வாட்ச்' என்று தெருவே வேடிக்கை பார்க்கும். அன்று வேடிக்கை பார்த்த வாலிபர்களே இன்று எண்பதை நெருங்கும் தாத்தாக்கள்.

அப்படிப்பட்ட வீடு ஒன்றை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளலாம். தந்தைக்குச் சதாபிஷேகம் வருகிறது. சிங்கப்பூரிலிருக்கும் மகன் தொலைபேசியில், "அப்பா, உங்களுக்கு நல்ல வாட்ச் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்" என்கிறார். தந்தைக்கு உள்ளூர ஆசைதான். வெளியே சொல்லக் கூச்சம். "இந்த வயதில் இவருக்கு எதற்கு அது? ஆயிரம் பிறை கண்டவருக்கு மணி பார்க்கவா தெரியாது?" என்கிறார் அருகிலிருக்கும் தாயார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

முதலில், மணி பார்ப்பதற்காக இவ்வளவு பணம் தேவையில்லை என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் கடிகாரத்தினுள் இருக்கும் சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஒரு மாதத்தில் ஏறத்தாழ 15 நொடிகளே அது பிழைக்கும். லட்சக்கணக்கில் விலைபெறும் இயந்திரக் கடிகாரமோ, சுவிஸ் நாட்டின் தரச்சான்று பெற்றதாயினும், ஒரு நாளில் 4 நொடி பின்தங்கலாம், 6 நொடி முந்தலாம். ராகுகாலம் ஒன்றரை மணி நேரம். ஒரு நாழிகை 24 நிமிடம். நம் வழிபாட்டு வாழ்க்கைக்கு வேண்டிய கணக்கை எளிய கடிகாரமே பிசகின்றிச் சொல்லிவிடும். காலம் என்று பெரிதாகப் பேசப் புகுந்தால், பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டு பழையது. அதன் முன் எந்தக் கடிகாரமும் வாயடைத்து நிற்கும்!

அப்படியானால் அந்த விலை எதற்கு? வேலைப்பாட்டுக்கும் பெயருக்கும்தான். நூற்றுக்கும் மேற்பட்ட நுண்ணிய உறுப்புகளைக் கையால் கோத்து, மின்கலமின்றி, கையசைவிலேயே இயங்கச் செய்வது உயர்ந்த தச்சு. அதை ரசிப்பது பாவமன்று. நுண்வேலையை வெறுத்த மரபும் அல்ல நம்முடையது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படிப்போர் இதை உணர்வர். ராஜராஜ சோழனும் அவன் தமக்கை குந்தவைப் பிராட்டியும் இறைவனுக்கு அளித்த அணிகலன்கள் அங்கே ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், மணிகள் பதித்த நகைகளைத் 'தக்ஷிணமேருவிடங்கன்' என்னும் கல்லாலும் நிறுத்திருக்கிறார்கள். கழஞ்சு இத்தனை, மஞ்சாடி இத்தனை, முத்து இத்தனை என்பதோடு நின்றார்களா? முத்துகளின் வகை என்ன, கற்களில் குறை எது, சரடும் அரக்கும் சேர்த்த நிறையா என்பன வரை எழுதிவைத்தார்கள். வங்கியில் நகைக்கடன் ஏட்டை எழுதும் மதிப்பீட்டாளர்கூட இவ்வளவு எழுதுவது அரிது. மாமன்னன் கொடுத்தது ஊரறியச் சுவரில் ஏறியது. கொடுத்ததில் குறை இருந்தால் அந்தக் குறையும் ஏறியது.

இந்தக் கணக்குப் பற்றுக்கு அரியலூர் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. கொள்ளிடக் கரையில், மூவர் பாடல் பெற்ற திருமழபாடி வைத்தியநாத சுவாமி கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ராஜராஜன் ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன், சுவரிலிருந்த பழைய கல்வெட்டுகள் யாவும் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. மகன் ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. கட்டடம் மாறலாம், கணக்கு மாறலாகாது என்று கருதியிருக்கிறார்கள்.

அந்தக் கணக்குக்குத் தலைவர் யார்? சண்டேசர். சோழர் காலத்தில் சிவன் கோயிலுக்கு நிலம் வாங்குவதும் விற்பதும் ஆதிசண்டேசுவரர் பெயராலேயே நடந்தன. இன்றும் வலம் வருவோர் வடபுறத்தில் அவர் சந்நிதி முன் நின்று, இரு கைகளையும் விரித்துக் காட்டி, "சிவன் சொத்து எதையும் எடுத்துச் செல்லவில்லை" என்று தெரிவிப்பது வழக்கம். (தியானத்தில் இருப்பவர் காதருகே பலமாகக் கைதட்டுவதும், வேட்டியிலிருந்து நூல் பிரித்துப் போடுவதும் முறையல்ல என்று பெரியோர் சொல்லியும் நம்மவர் விட்டபாடில்லை.) கைகளை விரிக்கும்போது மணிக்கட்டும் சேர்ந்தே தெரிகிறது. அதில் கட்டியிருப்பது வந்த வழியை அவர் முன் தயங்காமல் சொல்ல முடியுமா என்பதே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. விலை அதற்கு அடுத்ததுதான்.

அந்த வீட்டுக்குத் திரும்பலாம். மகன் மேலும் சொல்கிறார்: "பெட்டியெல்லாம் வேண்டாம் அப்பா. கையில் கட்டிக்கொண்டே வந்துவிடுகிறேன். திருச்சி விமான நிலையத்தில் யார் கேட்கப்போகிறார்கள்?"

சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. அனுமதித்த வரம்புக்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கொண்டுவருவோர் சுங்கத்தில் அறிவித்து, தீர்வை செலுத்த வேண்டும் என்பது சட்டம். கையில் கட்டியிருப்பதால் விலக்கு எதுவும் இல்லை. இந்தியாவில் வாங்கினாலும் கணக்கு உண்டு: 2025 ஏப்ரல் 22 முதல், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்தை விற்பவர் 1 சதவீதத்தை வாங்குபவரிடம் வரியாக வசூலித்து, அவருடைய நிரந்தரக் கணக்கு எண்ணில் செலுத்த வேண்டும். வருமான வரி செலுத்தும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆக அது இழப்பன்று, பதிவு. மகன் தந்தைக்குத் தரும் பரிசுக்குத் தந்தை வருமான வரி கட்ட வேண்டியதும் இல்லை. இவ்வளவு நேர்வழி இருக்க, எண்பது வயதில் ஒரு ரசீதில்லாப் பொருளைக் கையில் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவானேன்?

அசலைப் போலவே செய்த போலிகளை மலிவாக வாங்கிக் கட்டுவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். பிறர் பார்வைக்காகச் சொல்லும் பொய்யை நாள் முழுதும் சுமக்க வேண்டியிருக்கும்.

பரிசாக வந்ததென்றாலும் கேள்வி ஓய்வதில்லை. 2016-ஆம் ஆண்டில் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் முதலமைச்சர் அணிந்திருந்த ஹூப்லோ கடிகாரம் சட்டமன்றம் வரை பேசப்பட்டது. நண்பர் அளித்த பரிசு என்று அவர் விளக்கினார். முடிவில் அதைப் பேரவைத் தலைவரிடம் ஒப்படைக்க, அது அரசுடைமையாயிற்று. அரசியல் இங்கு வேண்டா. யார் கொடுத்தது, என்ன விலை என்று பிறர் கேட்கும் முன்பே எழுதிவைத்தவருக்கு உறக்கம் கெடுவதில்லை.

மறுபுறம், எளிமை என்றால் நல்ல பொருளே கூடாது என்பதும் சரியன்று. காந்தியடிகளிடம் இருந்த கடிகாரங்களுள் ஒன்று ஜெனித் என்னும் சுவிஸ் நிறுவனத்தின் பைக்கடிகாரம். உடைமை என்று சொல்லத்தக்கவை சிலவே இருந்தும், கடிகாரத்தை அவர் விட்டுவிடவில்லை. நேரம் தவறுவதைத் தமக்குரியதல்லாததை எடுத்துக்கொள்வதாகவே கருதி வாழ்ந்தவர். அந்த ஜெனித் கடிகாரமும் அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியனவும் 2009 மார்ச் மாதம் நியூயார்க்கில் ஒரே ஏலத்தில் 18 லட்சம் டாலருக்குப் போயின! எளியவர் கையிலிருந்த பொருள் எவ்வளவு விலை பெற்றுவிட்டது.

தாயாரின் கேள்விக்கும் விடை வேண்டும். தமிழ்நாட்டில் வருவாயற்ற கோயில்களில் ஒருகாலப் பூஜையேனும் நடைபெறுவதற்கான வைப்புநிதி, 2022-ஆம் ஆண்டில் கோயில் ஒன்றுக்கு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் 10 லட்ச ரூபாய்க் கடிகாரம் ஒன்று, ஐந்து கோயில்களின் அணையா விளக்குக்குச் சமம். இதைச் சொல்லி மகன் மனத்தைப் புண்படுத்தத் தேவையில்லை. பிள்ளை அன்போடு தருவதைத் தட்டுவதும் ஒருவகை அகந்தையே. ஆயினும் தொகையைச் சொல்லிக் கேட்கலாம். "தம்பி, ஒசூர் டைட்டன் ஒன்று போதும். மிச்சத்தில் நம் குலதெய்வத்துக்கு ஏதாவது செய்வோமா?" என்று கேட்டால், எந்த மகனும் கோபிக்க மாட்டான். அவர் பிடிவாதமாக உயர்ந்ததையே வாங்கித் தந்தால், சிவப்பு வழியில் அறிவித்துத் தீர்வை கட்டிய சீட்டோடு வரட்டும். மகிழ்ந்து கட்டிக்கொள்ளலாம்.

கட்டிக்கொள்வதிலும் முதியோர் கவனிக்க வேண்டியவை உண்டு. தோல்வார் அணிந்து சந்நிதிக்குள் செல்வதைப் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன. கனத்த எஃகுச் சங்கிலி வயதானோரின் மெல்லிய தோலைக் கன்றச் செய்யும். தேர்த் திருவிழாக் கூட்டத்துக்கு விலையுயர்ந்ததை அணிந்து போவது திருடனை அழைப்பதற்கு ஒப்பாகும். லாக்கரிலேயே பூட்டிவைப்பதற்கு அதை வாங்கவே வேண்டாம்.

சதாபிஷேகம் முடிந்து குடும்பத்தோடு கங்கைகொண்ட சோழபுரம் செல்வோர், வடக்கு வாயிற்படியருகே சுவரில் உள்ள சண்டேச அனுக்கிரகச் சிற்பத்தைக் காணாமல் திரும்பிவிடுகிறார்கள். கூட்டமில்லாத காலைப்பொழுதில் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் அது. சேய்ஞலூர்ப் பிள்ளை விசாரசருமன் கைகூப்பி அமர்ந்திருக்கிறான். அம்மையோடு வீற்றிருக்கும் ஐயன், தாம் சூடிய கொன்றை மாலையைத் தம் கையாலேயே அவன் தலையில் சுற்றுகிறார். அந்தப் பிள்ளை ராஜேந்திரனே என்று சொல்வோரும் உண்டு. கங்கை வரை வென்றவன், தலை தாழ்ந்து, ஒரு காட்டுப் பூமாலைக்காக அமர்ந்திருக்கிறான்.