உறைபனியில் கருகும் சைக்கஸ்

திருப்பூரில் பனியன் கம்பெனி வாசல்களில் தொட்டி தொட்டியாகக் கம்பீரமாக நிற்கும் சைக்கஸ் செடிக்கு இவ்வூர் உஷ்ணத்தால் பெரிய ஆபத்து எதுவும் நேர்வதில்லை. அதையே ஆசையோடு உதகைக்கோ தலைக்குந்தாவுக்கோ கொண்டுபோய் நட்டவர்கள்தாம், தை மாதத்து விடியற்காலையில் புல்தரையெல்லாம் வெள்ளையாய் உறைபனி படிந்திருப்பதையும், அடுத்த சில தினங்களில் இளம் ஓலைகள் வெந்தாற்போல் கருகுவதையும் கண்டு, செடி செத்ததென்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். உயிருள்ள ஜீவனுக்கு இழைக்கும் அநியாயம் இது.

பனைமரத்தின் சாயல் இருப்பினும் சைக்கஸ் அக்குலத்தைச் சேர்ந்ததன்று. பூக்காமல் கூம்பு விடும் புராதன வர்க்கம். தென் ஜப்பான் அதன் ஜன்மபூமி. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈந்து அதற்குப் பங்காளி. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மதனகாமப்பூ அந்த ஈந்தின் ஆண் கூம்புதான். சைக்கஸின் ஜீவசக்தி மாவுச்சத்து நிறைந்த தண்டில் இருக்கிறது. உச்சியிலுள்ள குருத்தைக் கம்பளி போன்ற செதில்கள் போர்த்திக் காக்கின்றன. ஆகவே ஓலை தாங்காத குளிரையும் தண்டு தாங்கிவிடும்.

மேகமற்ற, காற்றசையாத இரவில் பூமி தன் உஷ்ணத்தை ஆகாயத்துக்கு இழக்க, கனத்த குளிர்காற்று பள்ளங்களில் தேங்குகிறது. ஆதலால் பள்ளத்தைத் தவிர்த்துச் சுவரோரமாக நடுவது உத்தமம். உதகை அரசு தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர்ச்செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் என்னும் செடியால் கூரையிடுகிறார்கள். கியோட்டோவின் நிஜோ கோட்டைத் தோட்டத்திலோ சைக்கஸ் மரங்களுக்கு ஆண்டுதோறும் வைக்கோல் சுற்றுகிறார்கள். நம்மவர்க்குப் பனியன் கட்டிங்கில் கழிபடும் பருத்தித் துணியே போதும்: ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டி, சுற்றிலும் குச்சிகள் நட்டு, துணி ஓலையைத் தொடாமலும் தரையைத் தொட்டும் இருக்குமாறு மாலையிலேயே போர்த்தி, வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். ஓலைமேல் ஒட்டிக் கிடக்கும் பிளாஸ்டிக் தாள் குளிரை அப்படியே கடத்துமாதலால் அது வேண்டாம்.

கருகிய ஓலையை உடனே வெட்டலாகாது. அடுத்த பனிக்கு அதுவே குருத்தின் போர்வை. பனிக்காலம் கழிந்தபின், கையுறை அணிந்து உச்சியை அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுத்த ஓலைகளை மட்டும் கழித்து, நீரை மிதமாக விட்டு, புதுக் குருத்து வரும்வரை உரமிடாமல் கோடை முழுவதும் காத்திருக்கலாம். உச்சி கொழகொழத்து நாறினால், அழுகலை நல்ல சதை தெரியும்வரை சீவி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு தடவி உலரவிட வேண்டும். அதுவும் பலிக்காவிடில், அடித்தண்டில் முளைத்த கன்றுகளைப் பெயர்த்து, வெட்டுவாய் காய்ந்தபின் மணல் கலந்த மண்ணில் ஊன்றலாம். வேர்பிடிக்கச் சில மாதங்கள் ஆகும், அதுவரை தண்ணீர் குறைவாகவே விட வேண்டும்.