பழைய நகரக் கட்டடங்களின் வண்ண எட்சிங் படங்களைச் சேகரித்தல்

எட்சிங் என்பது செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, அத்தகட்டிலிருந்து தாளில் படம் அச்சிடும் முறை. ஒளிப்படக் கலை வருவதற்கு முன், ஒரு நகரத்தின் கோட்டை, கோயில், தெரு, பாலம் ஆகியவற்றைத் தொலைவில் இருந்தவர்கள் காண்பதற்கு இத்தகைய படங்கள் முக்கிய வழியாக இருந்தன. இன்று அவை கலைப்பொருளாகவும் வரலாற்றுச் சான்றாகவும் சேகரிக்கப்படுகின்றன.

சென்னை சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726-இல் அமைத்த மர்மலாங் பாலம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 1966-இல் கட்டப்பட்ட மறைமலை அடிகள் பாலம் உள்ளது. பழைய பாலத்தின் தோற்றத்தை ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலின் வண்ண அச்சுப்படம் ஒன்றில் காணலாம். இப்படங்களின் மதிப்பு இதில்தான் இருக்கிறது. ஆனால் ஒரே தகட்டில் அச்சான இரண்டு தாள்களில் கோடுகள் ஒன்றாக இருந்தாலும், நிறங்கள் வேறாக இருக்கலாம். ஒன்றின் நிறம் நூறு ஆண்டுகள் கழித்துப் பூசப்பட்டதாகவும் இருக்கலாம். நிறம் எப்படி வந்தது என்று அறிவதே இத்துறையில் முதல் பாடம்.

தகடு தயாராகும் முறை

மெழுகும் பிசினும் கலந்த பூச்சைச் செப்புத் தகட்டின் மேல் தடவி, ஊசியால் படத்தைக் கீறுவர். கீறிய இடத்தில் மட்டும் செம்பு வெளியே தெரியும். தகட்டை அமிலத்தில் இட்டால் அந்த இடங்கள் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். பின்னர் பூச்சை நீக்கி, பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிடுவர். ஈரத்தாளை மேலே வைத்து உருளை அச்சு இயந்திரத்தில் அழுத்தும்போது தாள் பள்ளத்தில் உள்ள மையை எடுத்துக்கொள்ளும். தகட்டின் விளிம்பு தாளில் அழுந்துவதால் படத்தைச் சுற்றி ஒரு தடம் விழும். இது தகட்டுத் தடம் எனப்படும்.

கோடுகளால் மட்டும் வானத்தையும் சுவரின் நிழலையும் காட்டுவது கடினம். இதற்கு அக்வாடின்ட் என்னும் முறை 18ஆம் நூற்றாண்டில் உருவானது. நுண்ணிய பிசின் துகள்களைத் தகட்டின் மேல் படியவைத்து அமிலத்தில் இட்டால், துகள்களின் இடைவெளிகள் மட்டும் அரிக்கப்படும். அச்சில் அது நீர்வண்ண ஓவியம் போன்ற மென்மையான சாயலைத் தரும்.

நிறம் சேரும் மூன்று வழிகள்

1. கையால் பூசுதல்: ஒரு நிறத்திலோ இரண்டு நிறங்களிலோ அச்சிட்ட பிறகு தூரிகையால் நீர்வண்ணம் தீட்டுவது.
2. ஒரே தகட்டில் பல நிறம்: தகட்டின் வெவ்வேறு பகுதிகளில் துணிப்பொதியால் வெவ்வேறு நிற மையைத் தடவி, ஒரே முறையில் அச்சிடுவது.
3. பல தகடுகள்: ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு செய்து, ஒரே தாளில் ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிடுவது. ஆஸ்திரிய ஓவியர் லூயிகி காசிமிர் (1881–1962) இம்முறையில் வியன்னா முதலிய நகரங்களின் படங்களைச் செய்து புகழ்பெற்றார். இவ்வகைத் தாள்களின் அடியில் ஓவியர் பென்சிலால் கையொப்பமிடுவது வழக்கம்.

டேனியல்களின் நகரப் படங்கள்

இந்திய நகரங்களைப் பொறுத்தவரை இத்துறையில் முதன்மையானவர்கள் தாமஸ் டேனியலும் (1749–1840) அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் (1769–1837) ஆவர். 1786-இல் கல்கத்தா வந்த இவர்கள், 1786–88இல் அந்நகரத்தின் 12 காட்சிகளை அங்கேயே அச்சிட்டனர். ஓவியர், தகடு செய்பவர், அச்சிடுபவர் என எல்லா வேலைகளையும் தாமே செய்ய நேர்ந்ததைத் தாமஸ் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டுள்ளார். அத்தொகுப்பில் உள்ள பழைய நீதிமன்றக் கட்டடம் சில ஆண்டுகளிலேயே, 1792-இல், இடிக்கப்பட்டது.

1792–93இல் இருவரும் தென்னிந்தியாவில் பயணம் செய்து மதுரை, இராமேசுவரம், தஞ்சாவூர் முதலிய ஊர்களை வரைந்தனர். இங்கிலாந்து திரும்பிய பின் 1795 முதல் 1808 வரை ‘ஓரியண்டல் சீனரி’ என்னும் தலைப்பில் 144 படங்களை வெளியிட்டனர். சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டை, பிளாக் டவுன் (இன்றைய ஜார்ஜ் டவுன்), தஞ்சைப் பெரிய கோயில் ஆகியவை இதில் உள்ளன. இவை அக்வாடின்ட் முறையில் அச்சிடப்பட்டுக் கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. படங்கள் பெரியவை, ஏறத்தாழ 42 × 60 செ.மீ. இருக்கும். 1812–16இல் சிறிய அளவிலான பதிப்பு ஒன்றும் வந்தது. எனவே தாளின் அளவைப் பார்ப்பது முதல் சோதனை.

கட்டடங்களைச் சரியான அளவில் வரைய டேனியல்கள் கேமரா அப்ஸ்கியூரா என்னும் கருவியைப் பயன்படுத்தினர். எனினும் முன்னால் நிற்கும் மனிதர்கள், விலங்குகள், மரங்கள் படத்தின் அழகுக்காகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். கட்டடத்தின் வடிவத்துக்குத் தரும் நம்பிக்கையை அவற்றுக்குத் தர முடியாது.

அசலை அறிதல்

புகழ்பெற்ற படங்களுக்குப் பிற்காலப் படிகள் ஏராளம். 10 மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் பலவற்றை வேறுபடுத்தலாம்.

• ஆஃப்செட் அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் தெரியும். அக்வாடின்டில் ஒழுங்கற்ற வலைப்பின்னல் போன்ற மணிகள் தெரியும்.
• எட்சிங் கோட்டின் மை தாளின் மேல் சற்றுப் புடைத்து நிற்கும். ஆஃப்செட்டிலும் கல்லச்சிலும் அது தட்டையாக இருக்கும்.
• தகட்டுத் தடம் நல்ல அறிகுறி. ஆனால் ஓரம் நறுக்கி அட்டையில் ஒட்டிய அசல் தாளில் அது இருக்காது. சில நகல்களில் போலியாக அழுத்தப்பட்டிருக்கும். இதை மட்டும் நம்பக் கூடாது.
• தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீர்க்குறி தெரியலாம். 1794-க்குப் பின் ஆங்கிலேயத் தாள்கள் பலவற்றின் நீர்க்குறியில் ஆண்டும் உண்டு. அந்த ஆண்டு, படம் வெளியான ஆண்டுக்குப் பிந்தியதாக இருந்தால், தகடு பழையதானாலும் அச்சு பிற்காலத்தது.

நிறத்தைச் சோதித்தல்

அசல் அச்சுக்குப் புது வண்ணம் பூசி விற்பது உண்டு. வண்ணப் படத்துக்கு விலை கூடுதல் என்பதே காரணம். கிழிசல், மடிப்பு, பழுப்புப் புள்ளி ஆகியவற்றின் மேலாக வண்ணம் ஓடியிருந்தால், தாள் பழுதடைந்த பிறகு அது பூசப்பட்டிருக்கிறது. செயற்கைச் சாயங்கள் 1856-க்குப் பிறகே வந்தவை. 1797-இல் வெளியான படத்தில் அத்தகைய பளிச்சென்ற ஊதா இருந்தால் ஐயப்பட வேண்டும். பிற்கால வண்ணம் பூசிய தாள் பயனற்றது என்று பொருளில்லை. அதன் கோடுகள் அப்போதும் சான்றுதான். ஆனால் அதைக் கொண்டு ஒரு சுவர் அக்காலத்தில் என்ன நிறத்தில் இருந்தது என்று சொல்ல முடியாது.

நூலிலிருந்து பிரித்த தாள்கள்

சந்தையில் கிடைக்கும் தனித்தாள்கள் பல, முழுத் தொகுப்புகளைப் பிரித்து விற்கப்பட்டவை. பிரித்து விற்றால் ஆதாயம் அதிகம் என்பதால் முழுமையான தொகுப்புகள் குறைகின்றன. நூலகங்களிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட தாள்களும் சந்தைக்கு வருகின்றன. தாளின் பின்புறத்தில் நூலக முத்திரையோ அதை அழித்த தடமோ இருக்கிறதா என்று பார்ப்பதும், முந்தைய உரிமையாளர் விவரத்தை எழுத்தில் பெறுவதும் வாங்குபவரின் கடமை.

பாதுகாப்பு

ஒளி, ஈரம், அமிலம், பூச்சி ஆகிய நான்கும் தாளின் எதிரிகள். நீர்வண்ணம் வெயிலில் வெளுக்கும். வெளுத்தது திரும்ப வராது. படத்தை அமிலமற்ற அட்டையில் பொருத்தி, கண்ணாடி தாளைத் தொடாதபடி சட்டமிட வேண்டும். கடற்கரை ஊர்களில் வெளிச்சுவரில் மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். இராமபாணப் பூச்சியும் ஈரமுள்ள இடத்தையே நாடும். ஒட்டுநாடா, லேமினேஷன் ஆகியவற்றை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

சட்டம்

1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருட்கள் தொல்பொருட்களாகக் கருதப்படும். அவற்றைத் தனியார் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய அனுமதி இல்லை. எனவே பழைய அச்சுப்படத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர் முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டறிய வேண்டும்.

வாங்குவதற்கு முன் அசலைப் பார்த்துப் பழகுவது நல்லது. கொல்கத்தாவின் விக்டோரியா நினைவிடத்தில் டேனியல்களின் படைப்புகள் பெரிய அளவில் உள்ளன. இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்திலும் இவர்களின் அச்சுப்படங்கள் பாதுகாக்கப்படுகின்றன.